நீல அட்டைப் புத்தகமும் கங்காவின் கேள்வியும்

மாமல்லபுரம் கடற்கரை மணலில் வட்டமாக உட்கார்ந்து, சுண்டல் பொட்டலமும் கையுமாகப் பதினோரு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் என்னோடு பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படித்தவர்கள். ஆண்டுக்கொரு முறை கூடுவோம். தலைக்குச் சாயம் அடித்தவர்கள், அடிக்காதவர்கள், அடிக்கத் தலையில் ஒன்றும் மிச்சமில்லாதவர்கள் என்று மூன்று கட்சி. நான் மூன்றாவது கட்சி.

கேள்வி கேட்டவள் கங்கா. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு. ஒயர் கூடையிலிருந்து நீல அட்டை போட்ட தடிமன் புத்தகம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சிவா, நீதான் இத ரெண்டு தபா படிச்சவன். அதான் கேக்கறேன். நடுவுல அந்தப் பொண்ணு, சொத்து வாணாம்னு அண்ணங்காரனுக்குக் கையெழுத்து போட்டுக் குடுக்குதே. அது சரியா, தப்பா?”

எனக்குச் சுண்டல் தொண்டையில் நின்றது. அந்தப் புத்தகத்தில் ஒரு பொண்ணு இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காபி

இந்த இக்கட்டுக்கு நான் வந்து சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பல் பிடுங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “நீங்கள் எப்போதும் விஷயத்துக்கு வர ஊரைச் சுற்றுகிறீர்கள்” என்று எழுதியிருந்தார். ஐயா, செங்கல்பட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று பழகியவன் நான். என்னால் அப்படித்தான் முடியும்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் காலை வணக்கம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ரோஜாப்பூ, சூரியன், மறுபடி ரோஜாப்பூ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு காலை, வீட்டில் கிடந்த ஒரு புத்தகத்தைக் காபி டம்ளர் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ‘இப்போது வாசிப்பில்’ என்று போட்டேன்.

அவ்வளவுதான். பதினோரு பேரும் கைதட்டினார்கள். “நம்ம பேட்ச்சிலியே படிக்கிற ஆளு ஒருத்தன் கீறான்டா!” என்று எழுதினான் தனசேகர். மனிதனுக்குப் புகழ் எவ்வளவு சல்லிசாகக் கிடைக்கிறது பாருங்கள். அடுத்த ஞாயிறு இன்னொரு புத்தகம். அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. கீழே நாலு வரி விமர்சனம். கடைசியில் ‘நண்பர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்’.

என் மனைவி கற்பகத்துக்குத்தான் பிடிக்கவில்லை. படம் சரியாக விழுவதற்குள் காபி ஆறிவிடும்.

“இன்னாங்க, அந்தக் காபிய குடிக்கப் போறீங்களா, இல்ல அதுவும் படத்துக்குத்தானா?” என்பாள்.

“இலக்கியம் தெரியாத வீடு” என்பேன் நான்.

“அந்தப் புக்குல நாலாவது பக்கத்துலதான் போன மாசத்து கேஸ் பில்லு கீது. இன்னும் அங்கியே கீது” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இவளைப் போய் குழுவில் சேர்க்க வேண்டும் என்று தனசேகர் ஒரு முறை சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

செக்குபந்தி வாசிப்பு

நான் தொழிலில் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்துக்குப் பத்து அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் மூன்று காலண்டர். ஒரு சொத்தை எழுதும்போது அதன் நான்கு எல்லைகளைச் சொல்ல வேண்டும். இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குத் தெற்கு, தெருவுக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு. இதற்குச் செக்குபந்தி என்று பெயர். இது சரியாக இருந்தால் போதும். நிலத்துக்குள் இறங்கி நடந்து பார்க்கிற வேலை பத்திர எழுத்தருக்குக் கிடையாது.

புத்தகங்களையும் நான் அப்படித்தான் படித்தேன். முன்னட்டை, பின்னட்டை, முன்னுரை, கடைசிப் பக்கம். நான்கெல்லை ஆயிற்றா? உள்ளே இருப்பது தானாகப் புரிந்துவிடும் என்பது என் கொள்கை. புரியாவிட்டாலும் எழுதலாம். ‘மனித மனத்தின் ஆழங்களைத் தொடுகிறது’ என்று எழுதினால் எந்தப் புத்தகமும் மறுப்புச் சொல்வதில்லை.

ஒரே ஒருமுறை சறுக்கியது. தனசேகர் டெம்போ டிராவலர் வைத்திருப்பவன். குளிர்காலம் வந்தால் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவான். அவனுக்கு உதவட்டும் என்று, அட்டையில் இரண்டு கொக்கு பறக்கிற நாவல் ஒன்றைச் சிபாரிசு செய்தேன். பாவி மகன் அதை வாங்கிவிட்டான். வண்டியில் வருகிறவர்களிடம் நாலு தகவல் சொல்லலாம் என்று ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்திருக்கிறான்.

“மச்சான், இன்னாடா புக்கு இது? ஒரு கொக்கு இல்ல, ஒரு நாரை இல்ல. பூரா டைவர்ஸு கேஸு! ஏரிக்கு வந்த ஒரு புருசன் பொண்டாட்டி நான் வச்சிருந்த புக்க வாங்கிப் படிச்சிட்டு, திரும்பிப் போறப்ப ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லடா.”

“அது குறியீடுடா. பறவை என்றால் விடுதலை” என்றேன்.

அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அதான் நீ படிச்சவன்” என்றான். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

நீல அட்டை

அந்த நீல அட்டை நாவல் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவர் உயிரோடிருக்கிறார், அவர் எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. முந்நூறு பக்கம். படத்துக்கு நன்றாக விழும் என்றுதான் வாங்கினேன். காபி டம்ளருக்குப் பொருத்தமான நீலம்.

முதல் ஞாயிறு ‘இப்போது வாசிப்பில்’ என்று போட்டேன். கைதட்டல் பலமாக இருந்ததால் சில மாதம் கழித்து மறுபடியும் போட்டேன். ‘இரண்டாம் முறையாக வாசிக்கிறேன். குறிப்பாக நடுப்பகுதி. கண்ணீர் வராமல் அந்தப் பக்கங்களைக் கடக்க முடியாது.’ நடுப்பகுதி என்று ஏன் எழுதினேன்? எல்லாப் புத்தகத்துக்கும் நடு என்று ஒன்று இருந்துதானே ஆக வேண்டும் என்ற தைரியம்தான்.

அன்று மதியம் கங்காவிடமிருந்து போன். அவள் குழுவில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. எல்லாவற்றையும் பார்ப்பாள், அவ்வளவுதான்.

“சிவா, அந்த நீல புக்கு எனக்குத் தருவியா?”

“உனக்கெதுக்கு கங்கா?”

“ஏன், மீன் விக்கிறவ படிக்கக் கூடாதா? பத்தாவதுல தமிழ்ல உன்ன வுட எனக்குத்தான் ஜாஸ்தி மார்க்கு.”

அது உண்மை. பத்தாவது முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, எனக்கு டைப்ரைட்டிங் கிளாஸ். அந்த நாட்களில் என் அப்பா புதுப்பட்டினத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் பார்த்த முதல் கெட்டிக்காரி அவள்தான். மறுநாளே தனசேகர் வண்டியில் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். கொடுத்ததை அன்றைக்கே மறந்தும் போனேன். எங்கள் ஊரில் இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அது மூன்று மாதம் கழித்துக் கடற்கரைக்கு வரும், வந்து என்னைக் கேள்வி கேட்கும் என்று நான் கண்டேனா?

பெருந்தன்மை

இப்போது கடற்கரை. தொண்டையில் சுண்டல். பதினோரு முகங்கள்.

‘கங்கா, நான் படிக்கவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரித்திருப்பார்கள், ஐஸ்கிரீம் வந்திருக்கும், முடிந்திருக்கும். ஆனால் தனசேகர் வாயைப் பிளந்துகொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்த விமர்சகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அது சரியா தப்பா என்பது கேள்வியே இல்லை கங்கா” என்று ஆரம்பித்தேன். “அங்கேதான் அந்தப் பெண் உயர்ந்து நிற்கிறாள். சொத்தா பெரிது? பந்தம்தானே பெரிது? அவள் கையெழுத்துப் போட்டதுதான் சரி. அந்தப் பெருந்தன்மையில்தான் நாவலே நிற்கிறது. நான் அழுதது அந்த இடத்தில்தான்.”

கைதட்டினார்கள். தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கங்கா மட்டும் தட்டவில்லை. என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். புத்தகத்தைக் கூடைக்குள் வைத்தாள்.

“சரி. அப்போ நானும் போட்டுடறேன்” என்றாள்.

“எதில் போடப் போறே?”

“எங்கண்ணன் வேலு ஒரு பத்திரம் கொண்டாந்து கீது. அப்பா மனை. ரோட்டு மேல கீதே, அது. எனக்குப் பங்கு வாணாம்னு எழுதித் தரணுமாம். புதன்கெழமை ரிஜிஸ்டர் ஆபீசு.”

சொல்லிவிட்டு எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஐஸ்கிரீம்கூட வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு வாங்கிய ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது. அவள் அப்பாவுடைய மனை, பஸ் ஸ்டாண்டுக்கு நாலு எட்டில் இருக்கிற மனை, என் நாக்கு நீளத்துக்காகப் போகப் போகிறதே என்ற நினைப்பில் அதைத் துடைக்கக்கூட மறந்துபோனேன்.

புத்தகம் தேடுதல்

திங்கட்கிழமை முழுக்க அந்த நாவலுக்கு அலைந்தேன். நூலகத்தில் கேட்டேன். யாரோ எடுத்துப்போய் வருஷக்கணக்காகிறது என்றார்கள். புத்தகக் கடையில், “ஆர்டர் போட்டா பத்து நாள் ஆகும் சார்” என்றார்கள். பத்து நாளில் கங்காவின் மனையில் வேலு கடையே கட்டிவிடுவான்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட அந்தப் பெண் பிற்பாடு என்ன ஆனாள்? நன்றாக வாழ்ந்தாள் என்றால் என் மனசாட்சி தப்பிக்கும். நடுத்தெருவில் நின்றாள் என்றால், உடனே கங்காவுக்குப் போன் போட்டு, ‘மூன்றாம் வாசிப்பில் என் கருத்து மாறிவிட்டது’ என்று சொல்லலாம். பாருங்கள், அப்போதும் ‘படிக்கவில்லை’ என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் கிளம்பினேன்.

“எங்க, நாஸ்தா கூட துன்னாம?” என்றாள் கற்பகம்.

“புத்தகம் வாங்க.”

“படிக்கவா, படம் புடிக்கவா?”

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

அருவாமனை

மார்க்கெட்டில் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. கங்கா அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. காலி மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, “குந்து” என்றாள்.

“கங்கா, அந்தப் புத்தகம் ஒரு நாள் வேணும். மூணாவது தடவை ஒரு பார்வை...”

“தரேன், இரு.”

கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து பாலித்தீன் பையில் சுற்றிய நீலப் புத்தகத்தை எடுத்தாள். நேராக ஒரு இடத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

தொண்ணூற்றேழாம் பக்கம். அதிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை எல்லாத் தாள்களுக்கும் மேல் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. ஒன்றிரண்டு செதில்கூட ஒட்டியிருந்தது.

“இந்தப் பதினாறு பக்கமும் அச்சாபீசுல வெட்டாம வுட்டுட்டானுங்க சிவா. தாளுக்குத் தாளு ஒட்டிக்கினு இருந்துச்சு. விரல் கூட உள்ள பூராது. நான்தான் அறுத்தேன். இதாலதான்” என்று அருவாமனையைக் காட்டினாள்.

எனக்குக் காது சுட்டது.

“எப்போ?”

“நீ குடுத்த மறுவாரமே.”

“அப்போ... அப்பவே தெரியுமா?”

“தெரியாமயா? நடுவுல அழுதேன்னு எழுதினியே, அந்த நடு இதானே. எனக்கு ஒரே சிரிப்பு. சரி, அவன் படிக்காட்டி இன்னா, நாம படிச்சோம், நல்லா கீதுன்னு வுட்டுட்டேன். அப்பால எங்கண்ணன் அந்தப் பத்திரத்த எடுத்துகினு வந்துச்சு. ‘சிவாவே படிச்சுப் பாத்து கையெழுத்து போட்டு கீறான், உன் கூடப் படிச்சவன்தானே, நீ கண்ண மூடிகினு போடு’ன்னுச்சு.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன மாதம், பத்துப் பேர் வரிசையில் நின்ற ஒரு முகூர்த்த நாளில், வேலு வந்தான். பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் ஒன்றை, வேறெங்கோ டைப் அடித்ததை, நீட்டினான். “தம்பி, உன் சீலு ஒண்ணு போட்டா போதும்” என்றான். நாலு எல்லையைப் பார்த்தேன். ‘தயாரித்தவர்’ என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தேன். எழுதிக் கொடுப்பவள் பெயரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“அதான் பீச்சுல கேட்டேன்” என்றாள் கங்கா. “நீ படிச்சேன்னு சொன்னா, அது எவ்ளோ படிச்சேன்னு எனக்குத் தெரியணுமா இல்லியா?”

ஒரு அம்மா குறுக்கே வந்து, “வவ்வா மீனு எவ்ளோம்மா?” என்றாள்.

“இரும்மா, இவன்கிட்ட ஒரு விசயம் கேட்டுகினு கீறேன்” என்று அவளை நிறுத்திவிட்டு, கங்கா என் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். “சொல்லு. அந்தப் பத்திரத்தையாச்சும் படிச்சியா?”

‘படிச்சேன்’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தொழில் பழக்கம். முப்பது வருஷமாக ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் ‘படித்துப் பார்த்து, சரியென ஒப்புக்கொண்டு’ என்று டைப் அடிக்கிற கை இது. யார் படித்தார்கள்? ஒருத்தரும் படித்ததில்லை.

“படிக்கல கங்கா” என்றேன்.

வவ்வால் கேட்ட அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரி “ஐய!” என்றாள். கங்கா மட்டும் திட்டவில்லை. வேலு கொடுத்த ஜெராக்ஸை இடுப்பிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள்.

“அப்போ இப்போ படி. சத்தமா படி.”

படித்தேன். கவிழ்த்த மீன் கூடைமேல் உட்கார்ந்து, ஐந்து பக்கம், ஒரு வரி விடாமல். சுற்றி எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ‘மேற்படி சொத்தில் எக்காலத்திலும் யாதொரு பாத்தியமும் உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று வந்ததும் பக்கத்துக் கடைக்காரி நிறுத்தினாள்.

“யாருக்கு இல்ல?”

“கங்காவுக்கு.”

“அத நேரா சொல்றதுக்கு இன்னா? இவ்ளோ சுத்துது!”

முடித்தபோது எனக்கு நா வறண்டிருந்தது. பத்திரத்தில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லை சரி, அளவு சரி, பெயர் சரி. வேலு ஏமாற்றுக்காரன் இல்லை. அதைச் சொன்னேன்.

கங்கா ஜெராக்ஸை வாங்கிப் புரட்டினாள்.

“இவ்ளோ நீளமா எழுதி கீதே. எனக்கு இன்னா வருதுன்னு ஒரு வரி இல்லியே?”

“விடுதலைப் பத்திரம்னா அப்படித்தான் எழுதுவாங்க.”

“யாரு எழுதுவாங்க?”

“நாங்கதான்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஜெராக்ஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “புதன்கெழமை நான் வரலைன்னு எங்கண்ணனுக்குச் சொல்லிடறேன். வூட்டுக்கு வந்து பேசட்டும். நான் இன்னா வாணாம்னா சொல்றேன், கேக்கட்டும்ன்றேன்” என்றாள். பிறகு வவ்வால் கேட்ட அம்மாவிடம் திரும்பி, “உனுக்கு இன்னாம்மா வோணும்?” என்றாள்.

வேலுவின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசினான். பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்தே என் அறைக்கு வந்தார்கள். மனை ஆளுக்குப் பாதி. பாகப்பிரிவினைப் பத்திரத்தை இருவருக்கும் சத்தமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை வேலு தூங்கிவிட்டான். எழுப்பி மறுபடியும் வாசித்தேன்.

நூற்றொன்பதாம் பக்கம்

அந்தச் செவ்வாய் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் நீலப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். கற்பகம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் படம் எடுக்கப் போகிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றாள். நான் காபியைச் சூடாகக் குடித்ததைப் பார்த்து, “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பதாம் பக்கத்திலேயே அந்தப் பெண் வந்துவிட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. தொண்ணூற்றேழில் செதிலைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன். மீன் வாடை குப்பென்று அடித்தது. அண்ணன்காரன் தாளும் பேனாவுமாக வருகிறான். எனக்குப் பதைத்தது. போட்டுடாதே தாயே, போட்டுடாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

நூற்றொன்பதாம் பக்கம். அவள் பேனாவை வாங்கினாள், மூடியைப் போட்டு மூடினாள், அண்ணன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதையே மூன்று முறை படித்தேன். கடற்கரையில் நான் பேசிய பேச்செல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பெருந்தன்மை. உயர்ந்து நிற்கிறாள். அழுதது அந்த இடத்தில்தான். பாயைச் சுருட்டி அதற்குள் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போனை எடுத்தேன்.

“கங்கா! அவ கையெழுத்தே போடலியே!”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்தில், முன் பெஞ்சிலிருந்து கேட்ட அதே சிரிப்பு.

“நூத்தி ஒம்போது வந்துட்டியா?”

“வந்துட்டேன். ஏன் கங்கா, எல்லார் முன்னாலயும் இப்படிப் பண்ணிட்டே?”

“அத வுடு. அவங்க யாருக்குத் தெரியப் போவுது? எவன் படிச்சான்?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “சிவா, நீ நிறுத்தாத. எரநூத்தி அறுவதுக்கு மேல ஒண்ணு வருது. மூணு மாசமா எனக்கு மனசே ஆறல. என் வூட்டுக்காரருகிட்ட சொன்னா தூங்கிடுது. மார்க்கெட்டுல சொன்னா சிரிக்கறாளுங்க. நீ ரெண்டு தபா படிச்சவனாச்சே, உங்கிட்ட பேசலாம்னுதான் நான் பஸ்ஸு ஏறி பீச்சுக்கே வந்தேன். பக்கம் ஒட்டிக்கினு கெடந்தது தெரிஞ்சும் வந்தேன். ஒருவேள இதே கதைய வேற ஒரு புக்கு வாங்கிப் படிச்சிருப்பியோன்னு.”

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு இருநூற்று அறுபதாம் பக்கத்தைத் தேடிப் புரட்டினேன்.

“இன்னா, கீறியா?” என்றாள்.

“கீறேன்.”

“சீக்கிரம் அங்க வந்து சேரு.”